நாடா கழித்து வாங்கிய நைட் பேன்ட்

மற்ற ஊர்களில் முட்டாள்கள் தெருவுக்கு ஒருவராகப் பிரிந்து கிடப்பார்கள். எங்கள் புளியங்காட்டுப்புதூரில் அந்தச் சிரமம் இல்லை. மூன்று பேரும் ஒரே வீட்டில் இருந்தோம். வீட்டு வரி நான் கட்டுவதால் தலைமைப் பதவி எனக்கு.

என் பெயர் பொன்னுரங்கம். பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். சைக்கிளில் சாக்கைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவாய்க் கத்தி, ஓட்டை வாளிக்கும் உடைந்த பம்புக்கும் பேரம் பேசி மேலே வந்த ஆள். பள்ளிக்கூடத்தில் கற்றது கொஞ்சம். ஏமாந்து கற்றதுதான் அதிகம். எவனாவது விலை சொன்னாலே எனக்குக் கோபம் வரும். சொன்ன விலைக்கு ஒன்றை வாங்கிவிட்டால் அன்றைக்குச் சோறு இறங்காது.

இரண்டாவது ஆள் என் தம்பி நாச்சிமுத்து. உட்கார இடம் கொடுத்தால் படுப்பான். மூன்றாவது, என் மனைவி பாப்பாத்தியின் தம்பி குப்பண்ணன். ஒரு தீபாவளிக்கு வந்தவன், எந்தத் தீபாவளிக்குத் திரும்பிப் போவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

வெளியே போனால் நாங்களும் மனிதர்கள் மாதிரிதான் உடுத்துவோம். வெள்ளை வேட்டி, மடிப்புக் கலையாத சட்டை. வீட்டுக்குள் வந்தால்தான் கதை வேறு. என் பனியனில் தலையும் கையும் நுழைய மூன்று ஓட்டை போதும். ஆனால் எங்கே கையை விட்டாலும் நுழையும். நாச்சிமுத்துவுக்கு ஒரு துண்டு. அதையும் பாதி நேரம் தலைக்கு வைத்துப் படுத்திருப்பான். குப்பண்ணன் பழைய ஜன்னல் திரையைக் கைலியாகத் தைத்துக் கட்டியிருந்தான். திரைக்கம்பி கோத்த வளையங்கள் அதில் அப்படியே இருந்தன. நடந்தால் கிணுகிணு என்று சத்தம் வரும்.

இந்த லட்சணத்தில் என் மகள் சுகந்திக்கு ஒரு நல்ல இடம் வந்தது. பையன் மோகனசுந்தரம் பேங்கில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போகும்போது, பையனின் அப்பா அவிநாசியப்பன் வாசலில் நின்று சொன்னார்:

"பொண்ணு எங்களுக்குப் புடிச்சிருக்குதுங்க. ஆனா எங்க வழக்கம் ஒண்ணு இருக்குது. சொல்லாமக் கொள்ளாம ஒரு நாள் வருவோம். நீங்க வீட்டுல எப்படி இருப்பீங்களோ அப்படியே இருக்கோணும். அதைப் பார்த்துட்டுத்தான் பூ வெக்கறது."

அவர் கார் தெருமுனை திரும்பியது. நாச்சிமுத்து துண்டுக்கு மாறினான். குப்பண்ணன் கிணுகிணுத்தான். சுகந்தி எங்கள் மூன்று பேரையும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"அப்பா, எனக்கு அவரைப் புடிச்சிருக்குது. அவங்க வந்து உங்களை இந்தக் கோலத்துல பார்த்தா, நான் இந்த வீட்டுலயேதான் தலை நரைக்கோணும்."

பாப்பாத்தி எங்களை வரிசையாக நிற்க வைத்தாள். "மூணு பேரும் திருப்பூருக்குப் போங்க. வீட்டுல போட்டுக்கற துணி வாங்குங்க. உடம்புக்கு இதமா இருக்கோணும். விலை கம்மியா இருக்கோணும். யாராச்சும் வந்தா ஓடி ஒளியாத மாதிரி இருக்கோணும். இந்த மூணுதான். புரிஞ்சுதுங்களா?"

புரிந்தது. மூன்று விஷயம், மூன்று ஆள். பஸ்ஸிலேயே பங்கு பிரித்துக்கொண்டோம். இதம் நாச்சிமுத்துவின் பொறுப்பு. விலை என்னுடையது. ஓடி ஒளியாதது குப்பண்ணனுக்கு. ஒருவர் துறையில் இன்னொருவர் தலையிடுவதில்லை என்று பேசி முடித்தோம். மந்திரி சபைகள்கூட இவ்வளவு ஒழுங்காகப் பிரித்துக்கொள்வதில்லை.

ஏற்றுமதியில் மிஞ்சிய துணிகளைக் குவித்துப்போட்டு விற்கும் ஒரு கடையில் நுழைந்தோம். கடைக்காரர் முழு நீள நைட் பேன்ட்டும், வெளிநாட்டுக்காரர் அளவுக்குத் தைத்த டி-சர்ட்டும் எடுத்துப் போட்டார். டி-சர்ட் எங்களுக்கு முழங்கால் வரை வந்தது.

"வீட்டுக்கு இதைத்தானுங்க எல்லாரும் போடறாங்க. நைட் பேன்ட்டு."

குப்பண்ணன் சந்தேகப்பட்டான். "மச்சா, அவங்க பகல்ல வந்துட்டா என்ன பண்றது?"

"கதவைச் சாத்தி வெச்சா வீட்டுக்குள்ள இருட்டுதானே மாப்ளே" என்றேன். அவன் திருப்தியானான்.

நாச்சிமுத்து பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கடை நடுவிலேயே படுத்தான். வீட்டில் என்ன செய்வானோ அதைச் செய்து பார்த்தால்தானே தெரியும். வந்தவர்கள் அவனைத் தாண்டிக்கொண்டு போனார்கள். ஒரு அம்மாள் அவனையும் சேர்த்துப் புரட்டிப் பார்த்து விலை கேட்டார். நல்ல குறட்டை ஒன்று விட்ட பிறகு எழுந்து, "துணி நல்ல துணி அண்ணா. ஆனா இடுப்புல கட்டெறும்பு புடிச்ச மாதிரி இருக்குது" என்றான்.

குப்பண்ணன் அதே பேன்ட்டைப் போட்டுக்கொண்டு கடையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓடினான். துணிக்குவியலுக்குப் பின்னால் ஒளிந்தும் பார்த்தான். தலை தொங்க வந்தான்.

"ஆகாது மச்சா. இதைப் போட்டா ஓடவும் முடியுது, ஒளியவும் முடியுது. அக்கா வேண்டாம்னு சொன்னதே அதைத்தான்."

கடைக்காரர் என்னைப் பார்த்தார். "இவங்க உங்களுக்கு என்ன வேணுமுங்க?"

"சொந்தம். நீங்க விலையைச் சொல்லுங்க."

சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. நான் ஒரு விலை சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. நான் வாசல் வரை போய்த் திரும்பி வந்தேன். அவர் கூப்பிடவில்லை என்பதால் நானே என்னைக் கூப்பிட்டுக்கொண்டேன். இப்படிப் பல தடவை போய்வந்ததில், பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இருந்த அவர் வெறுத்துப்போய், "எடைக்கு எடுத்துக்குங்க. கிலோ கணக்குப் போட்டுத் தர்றேன். ஆளை விடுங்க" என்றார்.

எடை. அந்தச் சொல்லைக் கேட்டதும் என் உடம்பு சிலிர்த்தது. எடைக்கு வாங்குவதில் என்னை அடிக்க இன்னொருவன் பிறக்கவேண்டும். இரும்புக் கடையில் யார் எதைக் கொண்டுவந்தாலும் நான் முதலில் செய்வது கழிவு பார்ப்பது. பம்பில் ரப்பர் ஒட்டியிருந்தால் கழி. வாணலியில் மரப்பிடி இருந்தால் கழி. மண், துரு, தார் எல்லாம் கழித்த பிறகுதான் தராசு. என்னை ஆளாக்கிய வித்தையே அதுதான்.

ஒரு பேன்ட்டைக் கையில் எடுத்தேன். இடுப்பில் எலாஸ்டிக். அதற்குள் ஒரு நாடா. டி-சர்ட்டில் பட்டன்.

"நான் வாங்கறது என்ன?"

"துணிங்க."

"இது துணியா?" நாடாவை இழுத்துக் காட்டினேன்.

"நாடாங்க."

"இது?"

"எலாஸ்டிக்குங்க."

"ரப்பருக்கும் கயித்துக்கும் துணி விலை போடறீங்க. என்னை யாருன்னு நெனச்சீங்க? எல்லாத்தையும் கழிச்சுட்டு எடை போடுங்க."

கடைக்காரர் கத்திரிக்கோலை எடுத்து, எங்கள் துணிகளிலிருந்து நாடா, எலாஸ்டிக், பட்டன் எல்லாவற்றையும் உருவி, மூலையில் இருந்த ஒரு மூட்டையில் போட்டார். அந்த மூட்டையில் ஏற்கெனவே அதே சாமான்கள் நிறைய இருந்தன.

"இந்தக் குப்பையை எவன் வாங்குவான்?" என்று சிரித்தேன்.

"அதுக்கும் ஒருத்தர் வர்றேன்னு சொல்லியிருக்காருங்க" என்றார் அவர். உலகத்தில் எப்படிப்பட்ட ஏமாளிகள் இருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தோம். விட்டால் விழுந்தது. ஒரு கையால் இடுப்பில் பிடித்துக்கொண்டால் நின்றது.

பாப்பாத்தி தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். ஆனால் துறைவாரியாக விசாரித்தால் குறையே இல்லை. நாச்சிமுத்து, "இப்பத்தான் அண்ணி இதமா இருக்குது. இடுப்புல ஒண்ணுமே தெரியறதில்லை" என்றான். குப்பண்ணன் கூடத்தில் ஓடிப் பார்த்து, இரண்டாவது எட்டில் குப்புற விழுந்து, படுத்தபடியே சந்தோஷமாகச் சொன்னான்: "அக்கா, ஓடவே முடியறதில்லை." விலையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை.

"அப்பா, ஒரு நாடா வாங்கிக் கோத்தா முடிஞ்சுது" என்றாள் சுகந்தி.

கடைவீதிக்குப் போனேன். நாடாவுக்கு விலை கேட்டேன். எடைக்கு எடை பார்த்தால் அது பேன்ட்டைவிட விலை அதிகம். கால் இரண்டையும் மறைக்கிற துணியைவிட அதைக் கட்டுகிற கயிறு ஒசத்தியா? கடைக்காரனோடு சண்டை போட்டுவிட்டு, வெறுங்கையோடு திரும்பி வந்தேன். என் கண்ணில் பட்டுவிடாமல் நாடாவை வாங்கி வந்து தைக்கப் பார்த்தாள் பாப்பாத்தி. நான் கண்டுபிடித்து, விலை அதிகம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். கடையிலிருந்து கட்டுக்கம்பி கொண்டுவந்தேன். குத்துகிறது என்று நாச்சிமுத்து தள்ளிவிட்டான். பழைய துண்டைக் கிழித்துக் கட்டலாம் என்றாள் சுகந்தி. அப்படிக் கட்டினால் மறுபடி ஓட முடியும் என்று குப்பண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது ஒரு பெரிய சிக்கல் தெரிந்தது. அவர்கள் வந்தால் வணக்கம் சொல்லவேண்டும். வணக்கத்துக்கு இரண்டு கை வேண்டும். ஆளுக்கு ஒரு கைதான் மிச்சம்.

கூடத்தில் உட்கார்ந்து ஆலோசித்தோம்.

"வாயாலயே வணக்கம்னு சொல்லிட்டா?" என்றான் குப்பண்ணன்.

"கை கூப்பாத வணக்கம் சம்பந்தி வீட்டுக்கா? மரியாதை போயிரும்" என்றேன்.

நாச்சிமுத்து படுத்தபடி யோசித்தான். "அண்ணா, உன் வலது கை சும்மாதானே இருக்குது. என் இடது கையும் சும்மாதான் இருக்குது."

அவனை என் தம்பி என்று சொல்லிக்கொள்வதில் அன்றைக்கு எனக்குப் பெருமையாக இருந்தது. இரண்டு பேரும் ஒட்டி நின்றோம். அவன் கையும் என் கையும் சேர்ந்து ஒரு முழு வணக்கம் ஆனது. குப்பண்ணனின் கை தனியாக மிஞ்சியது. காப்பித் தட்டுக்கு அவன் என்று வைத்துக்கொண்டோம். சுகந்தி அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நான் கடையைக் கூலியாளிடம் விட்டுவிட்டு வீட்டிலேயே காத்திருந்தேன். கதவு தட்டும் சத்தம் கேட்டால் ஓடி வந்து, அதாவது ஓட முடியாமல் வந்து, கூட்டு வணக்கம் போட்டோம். முதலில் வாங்கியவர் கேஸ் சிலிண்டர்காரர். எங்களை மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "எப்ப இருந்துங்க இப்படி?" என்றார்.

"முந்தாநாள் திருப்பூர் போயிட்டு வந்ததுல இருந்து" என்றேன்.

"மூணு பேருக்குமா?"

"எல்லாம் ஒண்ணாத்தான்."

அவர் சிலிண்டரை வாசலில் வைத்துவிட்டுப் பின்னோக்கியே நடந்து போனார். அன்று மத்தியானத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது: இரும்புக் கடைக்காரர் வீட்டில் மூன்று ஆண்களுக்கும் ஒரு கை விழுந்துவிட்டது, பரம்பரை வாதமாம். எதிர்வீட்டு அம்மாள் தைலம் கொடுத்தனுப்பினார். நாச்சிமுத்து அதை வாங்கி முதுகில் தேய்த்துக்கொண்டான். சும்மா வந்ததை விடுவானேன்.

அந்தச் செய்தி அவிநாசியப்பன் ஊருக்கும் போனது. மறுநாள் காலையில் கணவன் மனைவி இருவரும் கதவைத் தட்டினார்கள்.

கூட்டு வணக்கம் போட்டோம். அவிநாசியப்பன் மனைவி எங்கள் கைகளையே பார்த்தார். அவிநாசியப்பனை நான் பார்த்தேன். ஆள் மாறியிருந்தார். சட்டையில் கழுத்திலிருந்து அடிவரை இடைவெளி இல்லாமல் பல நிறத்தில் பட்டன். மூக்குக்கண்ணாடியைத் தலையோடு சேர்த்து எலாஸ்டிக் போட்டு இழுத்திருந்தார். குடையை நாடாவால் சுற்றிச் சுற்றிக் கட்டியிருந்தார். பெரிய இடத்து நாகரிகம் என்று எடுத்துக்கொண்டேன்.

குப்பண்ணன் ஒற்றைக் கையில் தட்டைக் கொண்டுவந்தான். காப்பி பாதி தட்டில் இருந்தது. அவிநாசியப்பன் அதைத் தொடவில்லை.

"நான் சுத்தி வளைக்கலைங்க. ஊர்ல ஒரு பேச்சு அடிபடுது. உங்க குடும்பத்துல கை வராதாமா. நாளைக்குப் பேரப்பிள்ளை பொறந்து அதுக்கும் அப்படின்னா என்ன பண்றது? மூணு பேரும் ரெண்டு கையையும் தூக்கிக் காட்டுங்க. நான் இப்பவே பூ வெச்சுடறேன்."

சுகந்தி அடுப்படி வாசலில் நின்றாள். தூக்கினால் மானம் போகும். தூக்காவிட்டால் மாப்பிள்ளை போய்விடும்.

"ஒரு நிமிஷமுங்க" என்று மூன்று பேரும் சுவர்ப் பக்கம் திரும்பி ஆலோசித்தோம்.

"வலது கையைத் தூக்கிக் காட்டிட்டு, மாத்திப் புடிச்சு இடது கையைத் தூக்கலாம்" என்றான் குப்பண்ணன்.

அப்படியே செய்து காட்டினோம். மூவரும் ஒன்றாய் மாற்றிப் பிடித்தது போலீஸ் அணிவகுப்பு மாதிரி நன்றாகத்தான் இருந்தது.

"அது செல்லாதுங்க. ரெண்டும் ஒண்ணாத் தூக்கோணும்" என்றார் அவிநாசியப்பன்.

"அப்பா, உக்காந்துட்டுத் தூக்குங்க" என்று சுகந்தி மெல்லச் சொன்னாள்.

"பெரியவங்க நிக்கறப்ப உக்கார்றதா? என்ன வளர்ப்பு வளர்த்தேன் உன்னை?" என்று அவளை அதட்டினேன்.

அவிநாசியப்பன் பெருமூச்சு விட்டார். "முடியலைன்னா முடியலைன்னு சொல்லிடுங்க. ஒரு கை ஆளோட நான் என்னத்தைப் பேசறது?"

எனக்குக் கோபம் வந்தது. கோபம் வந்தால் என் கை இரண்டும் தானாக மேலே போகும். பேரத்தில் பழகிய கை. "யாரைப் பார்த்து ஒரு கைங்கறீங்க?" என்று இரண்டையும் உத்தரம் வரை தூக்கிவிட்டேன். பெரியவர் என்ன செய்கிறாரோ அதையே செய்வது என்பது எங்கள் மூவருக்குள் ஏற்பாடு. நாச்சிமுத்துவும் தூக்கினான். குப்பண்ணனும் தூக்கினான்.

மூன்று பேன்ட்டும் ஒரே சத்தத்தில் தரைக்கு வந்தன. வெளிநாட்டுக்காரன் உயரமாகப் பிறந்ததால் டி-சர்ட் முழங்கால் வரை காத்தது. பாப்பாத்தி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். சுகந்தி கண்ணை மூடிக்கொண்டாள். நாங்கள் கையை இறக்கவில்லை. கை நன்றாக இருக்கிறது என்பதை முழுதாகப் பார்க்கட்டும் என்று அப்படியே நின்றோம்.

அவிநாசியப்பன் எங்கள் கைகளைப் பார்க்கவில்லை. குனிந்து, என் காலடியில் கிடந்த பேன்ட்டின் இடுப்பைத் தூக்கினார். நாடா போன வழியில் விரலை விட்டார். ஒரு பக்கம் நுழைந்த விரல் மறுபக்கம் வரை தடையில்லாமல் போனது. என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது திருப்பூர்ல எந்தக் கடைங்க?"

சொன்னேன்.

"அங்கதானுங்க நானும் வாங்கினேன். ஒரு மூட்டை நெறைய நாடா, எலாஸ்டிக்கு, பட்டனு. கடைக்காரன் வீட்டுத் துணிக்கு ஆகும்னான். அடிமாட்டு விலை. வாங்கிட்டு வந்து பார்த்தா, இதை மட்டும் எப்படி உடுத்தறதுன்னு தெரியலைங்க. நானும் என்னென்னமோ பண்ணிப் பார்த்துட்டேன்." கண்ணாடியை நேராக்கினார். எலாஸ்டிக் இழுத்துக்கொண்டுபோய் அது மறுபடி புருவத்தில் ஏறியது.

அவர் மனைவி அருகில் போய்ப் பாப்பாத்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நல்ல புத்தியுள்ள வீடா இருந்து எங்களைப் பார்த்துச் சிரிச்சுருவீங்களோன்னு பயந்துட்டே வந்தேனுங்க. இப்பத்தான் நிம்மதி."

அந்த இடத்திலேயே சுகந்திக்குப் பூ வைத்தார்கள். நாங்கள் கையை இறக்கி, பேன்ட்டைத் தூக்கி, கூட்டு வணக்கம் போட்டோம்.

இனி என்ன, அவரிடம் நாடா, எங்களிடம் பேன்ட் என்று நினைப்பீர்கள். பாப்பாத்தியும் அப்படித்தான் நினைத்தாள். சம்பந்தி விலை சொன்னார். எனக்குக் கோபம் வந்தது. கல்யாணம் முடிந்தது, சுகந்திக்குப் பெண் பிறந்தது, பேத்திக்குக் காது குத்தினோம். பேரம் நடந்துகொண்டே இருந்தது. கடைசியில், பேத்தி நடக்கப் பழகும்போது தாத்தாவின் பேன்ட்டைப் பிடித்து எழுந்து, பேன்ட்டோடு உட்கார்ந்துவிடுகிறாள் என்று சுகந்தி அழுததால், சம்பந்தி என் விலைக்கே இறங்கி வந்து கொடுத்தார்.

பாப்பாத்தி உட்கார்ந்து மூன்று பேன்ட்டிலும் எலாஸ்டிக் தைத்து நாடா கோத்தாள். போட்டுக்கொண்டோம். விழவில்லை. இரண்டு கையையும் வீசிக்கொண்டு கூடத்தில் நடந்தேன். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது.

நாச்சிமுத்து படுத்துப் பார்த்தான். "இடுப்புல கடிக்குது அண்ணி. இதம் போச்சு."

குப்பண்ணன் ஓடிப் பார்த்தான். கொல்லைப்பக்கம் வரை ஓடி, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்து, வருத்தமாகத் திரும்பி வந்தான். "முடியுது அக்கா."

நான் கணக்குப் பார்த்தேன். துணி விலையோடு நாடா விலையும் சேர்ந்துவிட்டது. விலை கம்மி என்பதும் போச்சு. பாப்பாத்தி சொன்ன மூன்றில் ஒன்றுகூட இப்போது இல்லை.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் உருவி, மூட்டை கட்டி, சம்பந்திக்கே எடைக்குப் போட எடுத்துப் போனேன். அவர் தராசைத் துடைத்து வைத்தார். எலாஸ்டிக்கை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சம்பந்தி, இதுல துணி நூல் ஒட்டியிருக்குது" என்றார். "அதைக் கழிச்சுட்டுத்தான் எடை போடுவேன்."